சைக்கிளில் காய்கறி: கேளுங்கள், சொல்கிறேன்

வேலூர் சத்துவாச்சாரி பக்கம் ஆறு வருடமாக வீடு வீடாகச் சைக்கிளில் கீரை, காய், நாட்டுக்கோழி முட்டை கொடுத்து வருகிறேன். தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

குடியாத்தம் தம்பி: அண்ணே, கியர் சைக்கிள் வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. பால்காரர் ஓட்டுவாரே, அந்த டபுள் பார் சைக்கிள் போதும். பெரிய கேரியர், பின் சக்கரத்துக்குத் தடித்த ஸ்போக், இரட்டைக்கால் ஸ்டாண்ட். சுமை வண்டி ஓடும்போது கவிழாது, நிறுத்தும்போதுதான் கவிழும். முதல் மாதம் ஒற்றை ஸ்டாண்டை நம்பி ஒரு வீட்டு வாசலில் அறுபது முட்டையைக் கொட்டினேன். அந்தம்மா துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பூசணி, கிழங்கு கீழே, கீரை மேலே, இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்கட்டும்.

காட்பாடி அக்கா: பத்து மணிக்கெல்லாம் கீரை வாடிவிடுகிறதே?

கீரைக்கட்டைத் தண்ணீரில் முக்காதீர்கள் அக்கா, நடுவில் அழுகும். கோணிச்சாக்கை நனைத்துப் பிழிந்து கூடைக்குள் சுற்றி, வேர் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். காற்றில் சாக்கு காயக் காய உள்ளே குளிர்ச்சி நிற்கும். ஆனால் நாற்பது டிகிரி தாண்டுகிற வேலூர் மே மாதத்திடம் சாக்கு ஜெயிக்காது. ஒன்பது மணிக்கு மேல் சுமையோடு மிதிக்காதீர்கள்.

வேலப்பாடி: மாதம் எவ்வளவு லாபம் நிற்கும்?

உங்கள் தெருவில் எத்தனை வீடு வாங்கும் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள், பேசலாம்.

பாகாயம்: இட்லி மாவும் கொடுக்கலாமா? லைசென்ஸ் வேண்டுமா?

கொடுக்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு சின்ன வியாபாரிக்கும் உண்டு, தராசுக்கு முத்திரையும் வேண்டும். பிளாஸ்டிக் பைக்கு 2019 முதல் தடை, தூக்குச்சட்டி கேளுங்கள். சட்டியை நிரப்பாதீர்கள், வழியிலேயே பொங்கும். இதுவும் ஒன்பதுக்குள்.

தொரப்பாடி: இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் உங்களிடம் அசல்தானா?

அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் ஒரு விவசாயியிடம் நேரடியாக எடுக்கிறேன். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லாக் கத்திரிக்காயும் இலவம்பாடி ஆகிவிட்டது! காம்பைத் தொட்டுப் பாருங்கள், முள் சொல்லிவிடும். தக்காளியோடு ஒரே கூடையில் போடாதீர்கள், குத்தி ஒழுகவிடும். அந்த விவசாயி காலை பஸ்ஸில் ஏற்றிவிடுவார், நான் இறக்கிக்கொள்வேன்.

பேரணாம்பட்டு: பஸ்ஸில் வந்தால் அது சைக்கிள் வியாபாரமா?

அவ்வளவு தூரம் மிதித்தால் கத்திரிக்காய் வந்து சேரும், நான் சேரமாட்டேன். என் கூடை இல்லாவிட்டாலும் அந்த பஸ் ஓடத்தான் போகிறது.

மறுபடி பேரணாம்பட்டு: லாரியும்தான் ஓடுகிறது. ஊட்டி கேரட்டையும் விற்கலாமே?

மடக்கிவிட்டீர்கள். விற்றேன், ஒரு வருடம், 'நம்ம ஊர்க் காய்' என்ற அட்டைக்குக் கீழேயே. ஒரு பாட்டி, "நம்ம ஊர்ல எங்கப்பா கேரட்டு?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு கூடையிலும் ஊர்ப்பெயர் எழுதுகிறேன். உருளைக்கிழங்கை இன்னும் விட முடியவில்லை. திட்டுங்கள்.

காட்பாடி: பேட்டரி சைக்கிள்?

பாலாற்றுப் பாலத்தில் எதிர்காற்று வாங்கும்போது எனக்கும் ஆசை வரும்.

அரியூர்: லாபம் எவ்வளவு?

வேலப்பாடிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

ஆற்காடு: அண்ணா, மாத வருமானம் தோராயமாக...?

தெருவை எண்ணியாச்சா? சரி, நாலரைக்கு முருங்கைக்கீரை ஒடிக்கப் போகணும். பஞ்சர் வேறு ஒட்ட வேண்டியிருக்கிறது.