கெர்னல் கேள்வி பதில்: இன்லைன் தொல்லைகள்

கேள்வி: பழைய டிரைவர் ஒன்றைப் புதிய லினக்ஸ் கெர்னலுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஹெடரில் ஒரு ஃபங்ஷனை இன்லைன் (அழைக்கிற இடத்திலேயே கோட்டை விரித்துப் போடு) என்று அறிவித்துவிட்டு, அதன் பாடியை, அதாவது உள்ளே இருக்கும் கோட்டை, ஒரு சி ஃபைலுக்குள் வைத்திருக்கிறார்கள். அந்த ஹெடரைச் சேர்க்கிற மற்ற ஃபைல்களில் எல்லாம் ‘இன்லைன் ஃபங்ஷன் அறிவிக்கப்பட்டது, வரையறுக்கப்படவே இல்லை’ என்று ஜிசிசி கம்பைலர் எச்சரிக்கிறது. ‘கட்டாயம் விரி’ என்று சொல்லும் ஆல்வேஸ் இன்லைனாக மாற்றினேன், பில்டே நின்றுவிட்டது. பேசாமல் எச்சரிக்கையை அணைத்துவிடலாமா?

பதில்: அணைக்காதீர்கள். ஜிசிசி நியாயமாகத்தான் புலம்புகிறது. கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு சி ஃபைலைத்தான் பார்க்கிறது. பாடி இன்னொரு ஃபைலில் கிடந்தால், அழைக்கிற இடத்தில் எதைக் கொண்டுவந்து விரிப்பது? சாதாரண இன்லைன் ஒரு கோரிக்கை மாதிரி. முடியாவிட்டால் வழக்கமான கால் ஒன்றைப் போட்டுவிட்டு வேலையைத் தொடரும். ஆல்வேஸ் இன்லைனில் அந்தச் சலுகை கிடையாது, நேராக எரர். ‘ஃபங்ஷன் பாடி நாட் அவெய்லபிள்’ என்று காரணமும் அதே வரியில் இருக்கும். பாதிப் பேர் அந்த வரியைக் கடைசி வரை படிப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

பாடியை ஹெடருக்குக் கொண்டுவந்து ஸ்டாட்டிக் (அந்தந்த ஃபைலுக்குள் மட்டும் தெரியும்) இன்லைன் ஆக்குங்கள். இல்லையென்றால் இன்லைன் என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள். டிரைவர் கோடு என்றால் பெரும்பாலும் நான் இரண்டாவதைத்தான் செய்வேன். கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணம் இதற்கு ‘இன்லைன் நோய்’ என்றே ஒரு தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறது. 3 வரிக்கு மேல் போகிற ஃபங்ஷனுக்கு இன்லைன் போடாதே என்பது அதில் உள்ள விதி. கோடு ஊதிப்போனால் ப்ராசஸரின் கேஷ் நிரம்பும், டிஸ்க்கில் உள்ளதை மெமரியில் வைத்திருக்கும் பேஜ் கேஷுக்கான இடம் குறையும். ஒரு பேஜ் கேஷ் மிஸ் டிஸ்க் வரை போனால் 5 மில்லிசெகண்டு சுலபமாகக் கரையும் என்று அந்த ஆவணமே கணக்குச் சொல்கிறது. விலக்கும் உண்டு. மெமரி ஒதுக்கும் கேமல்லாக் போல, ஆர்க்யுமென்ட் கம்பைல் நேரத்திலேயே தெரிந்த மாறிலியாக இருந்து, ஃபங்ஷனின் பெரும்பகுதி அதனாலேயே மறைந்துபோகும் என்றால் நீளத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

ஒரு காலத்தில் கெர்னலில் இன்லைன் என்று எழுதினாலே, மேக்ரோ அதைச் சத்தமில்லாமல் ஆல்வேஸ் இன்லைன் ஆக்கிவிடும். பிறகு அது கான்ஃபிக் விருப்பமாக மாறியது. 2020-இல் வந்த 5.7-இல் அந்த விருப்பத்தையும் நீக்கி, முடிவைக் கம்பைலரிடமே விட்டுவிட்டார்கள். பழைய கோட்டில் இதை நம்பி எழுதிய இடங்கள் இன்னும் இருக்கும். அவற்றில் சிலவற்றுக்கு ஆல்வேஸ் இன்லைன் உண்மையிலேயே தேவை. ஓடும்போதே கோட்டைத் திருத்தி ஒரு கிளையை ஆன், ஆஃப் செய்யும் ஸ்டாட்டிக் பிராஞ்ச் ஒரு உதாரணம். அதன் இன்லைன் அசெம்ப்ளி, கீயின் (அந்தக் கிளையின் நிலையை வைத்திருக்கும் மாறியின்) முகவரியை மாறிலியாகக் கேட்கிறது. ஃபங்ஷன் தனியாக நின்றுவிட்டால் அந்த முகவரி வெறும் பாராமீட்டராக வந்து சேரும், ‘இம்பாசிபிள் கன்ஸ்ட்ரெயின்ட்’ என்று கம்பைலர் கையை விரித்துவிடும். இப்படி விரிக்காவிட்டால் கோடே தப்பாகிவிடும் என்ற இடத்துக்கு மட்டும் அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். வேகத்துக்காக என்று சொல்லிப் போடுகிறவர்களிடம் நான் முதலில் அளந்த எண்ணைக் கேட்பேன். கெர்னல் சோர்ஸின் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் ப்ளோட்டோமீட்டரில் பழைய ஆப்ஜெக்ட் ஃபைலையும் புதியதையும் கொடுங்கள். எந்த ஃபங்ஷன் எத்தனை பைட் வளர்ந்தது என்று காட்டிவிடும்.

கேள்வி: கம்பைலரை மாற்றியதும் ‘செக்ஷன் மிஸ்மேட்ச்’ எச்சரிக்கை வருகிறது. ஒரு சின்ன ஸ்டாட்டிக் இன்லைன் ஃபங்ஷன், இனிட் குறி (தொடக்கத்தில் மட்டும் தேவை என்ற குறி) உள்ள இன்னொரு ஃபங்ஷனை அழைக்கிறது. கோட்டில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

பதில்: நீங்கள் மாற்றவில்லை, கம்பைலரின் முடிவு மாறிவிட்டது. முன்பு அந்தச் சின்ன ஃபங்ஷன் அதை அழைத்த இனிட் ஃபங்ஷனுக்குள்ளேயே கரைந்து, இனிட் செக்ஷனில் கிடந்தது. புதிய கம்பைலர் அதைத் தனியாக நிறுத்தியதும் சாதாரண கோடு இருக்கும் டெக்ஸ்ட் செக்ஷனுக்கு வந்துவிட்டது. அங்கிருந்து இனிட் கோட்டை அழைப்பதைத்தான் மோட்போஸ்ட் என்ற பில்டு கருவி கண்டுபிடித்துச் சொல்கிறது. பூட் முடிந்ததும் இனிட் மெமரியைக் கெர்னல் விடுவித்துவிடும். அதற்குப் பிறகு யாராவது அழைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அழைப்பவர்கள் எல்லாரும் இனிட் ஃபங்ஷன்கள்தானா என்று தேடிப் பாருங்கள். ஆம் என்றால் சின்னதற்கும் இனிட் குறி போடுங்கள், வேலை முடிந்தது. இல்லை என்றால் இது நிஜமான பிழை, இத்தனை நாள் ஒளிந்திருந்தது. ‘ரெஃப்’ குறி போட்டு எச்சரிக்கையின் வாயை மட்டும் அடைக்கிற பேட்ச்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஆல்வேஸ் இன்லைன் போட்டு மறைப்பதும் அதே ரகம். இன்னும் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பார்க்க டீபக் செக்ஷன் மிஸ்மேட்ச் கான்ஃபிக்கை ஆன் செய்து பில்டு செய்யுங்கள். ஒரே ஒரு முறை அழைக்கப்படும் ஃபங்ஷன்களைக் கம்பைலர் தானாக விரிப்பதை அது நிறுத்திவிடும்.

கேள்வி: இன்லைனே போடாத ஃபங்ஷனில் ‘ஃபிரேம் சைஸ் 2048 பைட்டுக்கு மேல்’ என்று எச்சரிக்கை. இதற்கும் இன்லைனுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: பல நேரம் உண்டு. நீங்கள் கேட்காவிட்டாலும் ஜிசிசி ஸ்டாட்டிக் ஃபங்ஷன்களை அழைப்பவருக்குள் விரித்துவிடும். உள்ளே இருக்கிற பெரிய அரேகள் எல்லாம் ஒரே ஃபிரேமில் (ஸ்டாக்கில் ஒரு ஃபங்ஷனுக்கு ஒதுக்கும் இடத்தில்) குவியும். எக்ஸ்86 64 பிட்டில் கெர்னல் ஸ்டாக் மொத்தமே 16 கேபிதான். அரே இருக்கிற ஃபங்ஷனுக்கு ‘நோஇன்லைன் ஃபார் ஸ்டாக்’ குறி போடுங்கள். ஆனால் அந்த ஃபங்ஷன் நடந்துகொண்டிருக்கும்போதே ஆழமான வேறு அழைப்புகள் போகிறது என்றால், குறி எச்சரிக்கையைத்தான் குறைக்கும், ஸ்டாக் செலவைக் குறைக்காது. அப்போது அரேயைக் கேமல்லாக்குக்கு மாற்றுங்கள்.