பழைய சக்தி புது ஆட்டத்தில் செல்லுமா?

கேள்வி: வெவ்வேறு கேம்களில் ஆடிய கேரக்டர்களை ஒரே கதைக்குள் கொண்டுவந்து க்ராஸோவர் ரோல்பிளேயிங் (ஆளுக்கொரு கேரக்டராகக் கதையை ஆடுவது) ஆரம்பிக்கிறோம். என்னுடையவர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் வளர்ந்த மந்திரவாதி, நேரத்தையே நிறுத்துவார். கூட வருபவர்கள் ஒரு விண்வெளிச் சிப்பாயும் ஒரு சூப்பர் ஹீரோவும். எல்லார் பவரையும் மாற்றி எழுதணும் என்கிறார் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர். கஷ்டப்பட்டுச் சேர்த்ததை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

பதில்: சக்தியை விட்டுக்கொடுக்காதீர்கள், எண்ணை மட்டும் விட்டுவிடுங்கள். கேரக்டரின் திறன்களைக் குறித்துவைக்கும் ஷீட்டில் இருக்கும் எண்ணுக்கு அது பிறந்த விதிகளுக்குள் மட்டும்தான் அர்த்தம். 1990இல் வந்த ரிஃப்ட்ஸ் விளையாட்டில் ‘மெகா டேமேஜ்’ என்று ஒன்று உண்டு, அதில் ஒரு புள்ளி சாதாரண சேதத்தில் 100 புள்ளிக்குச் சமம். அந்த ஆயுதத்தோடு ஒருவரும் வெறும் வாளோடு இன்னொருவரும் ஒரே சண்டையில் நின்றால், வாள்காரர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அப்படி உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ராத்திரி ஆட்டமே இல்லை, அது உங்கள் நண்பருக்கு நடக்கக் கூடாது.

அதனால் அந்தச் சக்தி என்ன செய்கிறது, எங்கே நின்றுவிடுகிறது, இந்த இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். நேரத்தை நிறுத்தும் உங்கள் மந்திரம் அடுத்தடுத்து 2 முதல் 5 முறை உங்களுக்கு மட்டும் வாய்ப்பு தருகிறது. அந்த இடைவெளியில் நீங்கள் செய்யும் காரியம் வேறொருவரைப் பாதித்தால் உடனே முடிந்துவிடுகிறது. எதிரியை அடிக்க முடியாது, தயாராகிக்கொள்ளலாம், தப்பிக்கலாம். நிறைய பேர் மாற்றி எழுதும்போது இந்தத் தடையைத்தான் முதலில் தொலைத்துவிடுகிறார்கள், அப்புறம் பவர் அதிகமாகிவிட்டது என்று கேம் மாஸ்டர் வெட்ட ஆரம்பிக்கிறார்! தடையும் சேர்ந்து வந்தால் வெட்ட அவசியமே இருக்காது. கர்ப்ஸ் என்ற ரோல்பிளேயிங் விளையாட்டில் இதற்கு நேரடியாகவே வழி இருக்கிறது: அங்கே சக்திகளைப் பாயிண்ட் கொடுத்து வாங்க வேண்டும், ஒரு சக்திக்குத் தடைகள் வைத்தால் அதன் பாயிண்ட் விலை 80 சதவீதம் வரை குறையும்.

பலத்தைச் சமப்படுத்த எனக்குப் பிடித்தது மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் என்ற சூப்பர் ஹீரோ விளையாட்டு வைத்திருக்கும் உச்சவரம்பு. கேரக்டரின் பல அளவான பவர் லெவல் 10 என்றால் குறியும் (அடி இலக்கில் படும் திறன்) சேதமும் கூட்டி 20ஐத் தாண்டக் கூடாது. சேதம் 14 வேண்டும் என்கிற சூப்பர் ஹீரோவுக்குக் குறி 6தான், குறி தவறாத சிப்பாய் குறி 14, சேதம் 6 என்று திருப்பி வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேரும் அவரவர் பாணியிலேயே இருக்கிறார்கள், ஒருவர் இன்னொருவரை மறைப்பதில்லை. வரம்பு எது என்று முதல் ஆட்டத்துக்கு முன்பே எல்லாரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள், நடுவில் மாற்றினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

கேள்வி: கதை நடக்கும் உலகத்தில் மந்திரமே கிடையாது என்றால்?

பதில்: அப்போதும் பிடுங்க வேண்டாம், பயன்படுத்துவதை ஆபத்தாக்குங்கள். 1990இல் வெளியான டோர்க் என்ற ரோல்பிளேயிங் விளையாட்டு இதைத்தான் செய்தது. ஒவ்வொரு உலகத்துக்கும் மந்திரம், தொழில்நுட்பம், ஆன்மிகம், சமூகம் என்று நான்கு அளவுகோல். அந்த உலகம் ஏற்காத ஒன்றைச் செய்யும்போது பகடையில் 1 விழுந்தால் கேரக்டருக்குத் தன் சொந்த உலகத்தோடு இருந்த தொடர்பு அறுந்துபோகும், திரும்பப் பிடிக்கும் வரை அந்தச் சக்தி வராது. ஒவ்வொரு முறையும் உருட்டலாமா வேண்டாமா என்று யோசிக்க வைக்கும், சிப்பாயின் லேசர் துப்பாக்கிக்கும் இதே விதியை வைத்துவிட்டால் உங்கள் மந்திரவாதிக்கு மட்டும் தண்டனை என்ற பேச்சும் வராது.