வாசகர் கேள்வி பதில்: கடை இலக்கத்திலிருந்தே திருப்பி அழைக்கலாமா?

கேள்வி: கிளிநொச்சியில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை நடத்துகிறேன். கடையில் இரண்டு லைன்கள் பொருத்திய சிறிய பிபிஎக்ஸ் (உள்ளே உள்ள தொலைபேசிகளை வெளி லைன்களோடு இணைக்கும் பெட்டி) ஒன்று உண்டு. வட்டக்கச்சி, தருமபுரம் பக்கம் திருத்த வேலைக்குப் போகும்போது, கடைக்கு வரும் அழைப்புகளை என் கைத்தொலைபேசிக்குத் திருப்பி விடுகிறேன். எடுக்கத் தவறினால் மிஸ்ட் கோலில் கடை இலக்கம் மட்டுமே தெரிகிறது. ஆளை அறிந்து கைத்தொலைபேசியிலிருந்து அழைத்தாலோ, அதன் பின்னர் இரவு பகல் பாராமல் அந்த இலக்கத்துக்கே எடுக்கிறார்கள். கடை இலக்கத்திலிருந்தே திருப்பி அழைக்க வழியுண்டா?
– வாசகர் ஒருவர், கிளிநொச்சி

பதில்: வழியுண்டு. முதலில், அழைத்தவரின் இலக்கம் ஏன் உங்களுக்குத் தெரிவதில்லை என்பதைப் பார்ப்போம். வழமையான செப்புக்கம்பி லைன் வழியாகப் பிபிஎக்ஸ் உங்களை அழைக்கும்போது, அது புதிய அழைப்பாகவே வெளியேறுகிறது. அந்த லைனுக்குரிய 021 இலக்கத்தைத் தவிர வேறெதையும் அதனால் காட்ட முடியாது. ஆயினும், லைனில் அழைப்பவர் இலக்கம் காட்டும் வசதி இருந்தால், உள்ளே வந்த இலக்கம் பிபிஎக்ஸின் பதிவேட்டில் இருக்கும். அதைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ உங்களுக்கு அனுப்பக்கூடிய பிபிஎக்ஸ்களும் உள்ளன. உங்களுடையது அத்தகையதா என்று பொருத்தியவரிடம் கேளுங்கள்.

திருப்பி அழைப்பதற்கான வசதிக்கு டிசா என்று பெயர். நீங்கள் கைத்தொலைபேசியிலிருந்து கடைக்கு எடுத்து இரகசிய இலக்கத்தை அழுத்தியதும், கடையில் ரிசீவரைத் தூக்கினால் கேட்கும் அதே டயல் ஒலி உங்கள் காதுக்கு வரும். அதன் பின் நீங்கள் அழுத்தும் இலக்கத்துக்குக் கடையின் மற்ற லைன் வழியாக அழைப்புப் போகும், உங்களை அழைத்த விவசாயியின் திரையிலும் கடை இலக்கமே விழும். இங்கே பலர் தடுமாறுவது ஒரு சிறிய இடத்தில்தான். கைத்தொலைபேசியில் சேமித்த இலக்கங்கள் பெரும்பாலும் +94 என்று தொடங்கும். அந்தக் கூட்டல் குறியைப் பிபிஎக்ஸுக்கு அழுத்திக் காட்ட முடியாது. ஆகவே +9477 என்று இருப்பதை 077 என மாற்றியே அழுத்த வேண்டும். வெளி லைனுக்கு 9 அழுத்தும் வழக்கம் உங்கள் பிபிஎக்ஸில் இருந்தால் அதையும் முன்னால் சேர்க்க வேண்டும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. நீங்கள் உள்ளே வர ஒரு லைன், விவசாயியிடம் போக மற்றொரு லைன் என்று இரண்டும் பிடிபட்டுவிடுவதால், அந்த நேரத்தில் கடைக்கு எடுக்கும் எவருக்கும் பிசி ஒலிதான் கேட்கும். காலபோக அறுவடை நடக்கும் நாட்களில் இது சிறு நட்டமல்ல. அதற்காகச் சிம் போடும் பெட்டியொன்றை மூன்றாவது லைனாகச் சேர்க்குமாறு சிலர் சொல்வார்கள். ஆனால் அதன் வழியாகப் போகும் அழைப்பில் அந்தச் சிம்மின் இலக்கமே தெரியும் என்பதால் நீங்கள் கேட்ட காரியம் கெட்டுவிடும். உள்ளே வருவதற்கு மட்டும் அதை ஒதுக்குவதாயின் நல்ல யோசனையே. மேலும், இரு பக்கமும் வெளி லைனாக இருக்கும்போது பேசி முடித்ததைச் சில பிபிஎக்ஸ்கள் உணராமல் லைன்களை விடாது பிடித்திருக்கும். எனவே இத்தகைய அழைப்புக்குக் கால வரம்பு வைக்கச் சொல்லுங்கள்.

இரகசிய இலக்கத்தில் மட்டும் சோம்பல் வேண்டாம். 1234 என்று வைத்தால், அதைக் கண்டுபிடிப்பவர் உங்கள் கணக்கில் வெளிநாடுகளுக்குப் பேசுவார். பில் உங்களுக்கே வரும். உங்கள் கைத்தொலைபேசி இலக்கத்தை மட்டும் அனுமதித்தாலும், அழைப்பவர் இலக்கத்தைப் போலியாகக் காட்ட முடியும் என்பதால் அது தனியே போதாது. நீண்ட இரகசிய இலக்கம் வைத்து, 00 என்று தொடங்கும் அழைப்புகளை அடியோடு தடுத்துவிடுங்கள்.

கேள்வி: கைத்தொலைபேசியில் சொஃப்ட்போன் செயலி (டேட்டா வழியாக அலுவலகத் தொலைபேசி போல இயங்கும் செயலி) போட்டால் இவ்வளவு சிரமம் தேவையா?
– வாசகர் ஒருவர், வவுனியா

பதில்: பிபிஎக்ஸ் ஐபி வகையாக, அதாவது இணைய வலையமைப்பு வழியாகவும் இயங்குவதாக இருந்து, நீங்கள் வவுனியா நகருக்குள்ளேயே நிற்பவராயின் தேவையில்லை. செயலி அலுவலகத்தின் ஓர் எக்ஸ்டென்ஷனாகவே (உள் தொலைபேசியாகவே) இயங்குவதால், லைனில் இலக்கம் காட்டும் வசதி இருக்கும்வரை மிஸ்ட் கோலில் அழைத்தவரின் இலக்கமே பதிவாகும். அதைத் தொட்டால் அலுவலக லைன் ஒன்றின் வழியாகவே அழைப்புப் போகும். ஆனால் அதற்கு டேட்டா சீராகக் கிடைக்க வேண்டும். சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும் காட்டோரக் கிராமங்களில் குரல் துண்டுதுண்டாக விழும். அங்கே சாதாரண அழைப்பில் இயங்கும் டிசாவே கைகொடுக்கும். வேலை நிமித்தம் அப்பக்கங்களுக்கும் போகிறவர் இரண்டையும் வைத்திருக்கலாம். பற்றரியைச் சேமிக்கும் அமைப்பிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் போன் அதை உறங்கவைத்துவிடும், மணியும் அடிக்காது.