கார்ப்பெட்டில் கவிழும் பக்கி

கேள்வி: மண் தளத்தில் ஓட்டிய பழைய 1/10 அளவு டூ வீல் டிரைவ் ஆர்.சி. பக்கியை, அதாவது ரிமோட்டில் ஓட்டும் சிறிய பந்தயக் காரை, உள்ளரங்க கார்ப்பெட் டிராக்குக்குக் கொண்டுபோனால் திருப்பத்தில் கவிழ்கிறது. புதிது வாங்கவா, இதையே மாற்றவா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். டயர் கார்ப்பெட்டை அப்படியே கவ்விக்கொள்கிறது, வண்டியின் மேல்பாகம் மட்டும் வெளிப்பக்கம் சாய்கிறது, அதனால்தான் கவிழ்கிறது. முதலில் அந்த டிராக்கில் ஓட்டுபவர்கள் போடும் சிறுமுள் டயரை வாங்குங்கள். மோட்டாரைவிட இதுதான் முக்கியம். அப்புறம் வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 16 முதல் 18 மி.மீ. இருக்கும்படி இறக்கிப் பாருங்கள். ஷாக் அப்சார்பரில் இன்னும் கெட்டியான ஆயில் ஊற்றுங்கள்; ஆன்ட்டி-ரோல் பார் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இல்லையென்றால் அதுவும் போடுங்கள். அதன் பிறகும் கவிழ்ந்தால், முன் டயரின் வெளிப்பக்கச் சுவரில் சூப்பர் குளூவை மெல்லிய படலமாகத் தடவி நன்றாகக் காயவிடுங்கள். ரப்பர் அந்த இடத்தில் வழுவழுப்பாக இறுகிவிடும், டயர் சாயும்போது ஓரம் தரையைக் கடிக்காது. திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃப் (டிஃபரன்ஷியல்) சிறு குண்டுகளால் ஆன பால் டிஃப்பாக இருந்தால், பல்சக்கரங்களால் ஆன கியர் டிஃப்புக்கு மாறலாம், இவ்வளவு பிடிப்பில் அதுதான் தாங்கும்.

புதிதுதான் வேண்டுமென்றால் பெயரைக் கவனித்து வாங்குங்கள். டீம் அசோசியேட்டட் கம்பெனியில் பி7 கார்ப்பெட்டுக்கு, பி7டி மண்ணுக்கு. டி.எல்.ஆர். கம்பெனியின் 22 5.0 மாடலில் ஏசி (கார்ப்பெட்டுக்கு) உங்களுக்கானது, டிசி (மண்ணுக்கு) அல்ல. மோட்டார் 17.5 டர்ன் (உள்ளே கம்பி சுற்றிய எண்ணிக்கை) போதும். எந்த வண்டியானாலும் உதிரி பாகம் பக்கத்தில் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.