வாத்தியாரிடம் கேட்டீர்களா?

கேள்வி: விழுப்புரம் பக்கத்துத் தெருக்கூத்துக் குடும்பத்தில் பிறந்தவன் நான். பதினோரு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் கட்டுமான வேலை. விடிய விடிய ஆடும் கூத்தைப் பன்னிரண்டு நிமிடமாக வெட்டி இங்கே மேடையேற்றுகிறேன், கைதட்டுகிறார்கள். ஊரில் என் வாத்தியார் நடக்க முடியாமல் கிடக்கிறார். கள்ளங்கபடமில்லாமல் ஆடிய நான் துரோகியாகிவிட்டேனா?
- ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: துரோகி என்ற பெரிய சொல் எதற்கு, தம்பி? வாத்தியாரின் மருந்துச் செலவுக்கு மாதாமாதம் பணம் போகிறதா? மேடையில் அவர் பெயரைச் சொல்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் இரண்டுமே இல்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

கள்ளங்கபடமற்ற காலம் என்கிறீர்களே, அது உங்களுக்கு மட்டும்தான் அப்படி இருந்தது. செஞ்சிப் பக்கம் ஒரு விடியற்காலையை நான் பார்த்திருக்கிறேன். இரவெல்லாம் துரியோதனனாக நின்றவர், முகத்து அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தபடியே, பேசிய கூலியில் எவ்வளவு குறைந்தது, மத்தளக்காரருக்கு எவ்வளவு, முகவீணைக்காரருக்கு எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அன்றிரவு அடுத்த ஊரில் அதே மனிதர் கிரீடம் கட்டி வந்தபோது குழந்தைகள் அலறின. காசுக் கணக்கு அவர் ஆட்டத்தைக் கெடுக்கவில்லை. உங்கள் வாத்தியாரும் இப்படித்தான் வாழ்ந்திருப்பார். சிறுவனான உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

வெட்டியது எனக்கும் வருத்தம்தான். ஆனால் எதை வெட்டினீர்கள்? கதையை அறிமுகப்படுத்திச் சிரிக்கவும் வைக்கும் கட்டியக்காரனையும், பாத்திரங்கள் வாதாடும் தர்க்கப் பாட்டையும் எடுத்துவிட்டுச் சுற்றாட்டத்தை மட்டும் வைத்திருந்தால், அது தவறு. இங்கே புரியாது என்று சொல்லாதீர்கள். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் எழுந்த மாரியம்மன் கோயிலில் திரௌபதிக்குச் சந்நிதி உண்டு. தீமிதி அங்கே 1840 முதல் நடக்கிறது. தீபாவளிக்குச் சற்று முன், சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நடந்து வந்து பூக்குழி இறங்குகிறார்கள். கடலூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்தவர்கள் கட்டிக் காத்த கோயில் அது. பாஞ்சாலியின் கதைக்காகக் கண்விழிக்கும் கூட்டத்துக்கா கட்டியக்காரன் புரியாமல் போவான்?

ஊருக்குப் போக வரும் பங்குனியில் விடுப்பு கேளுங்கள். அதற்கு முன், இந்த ஞாயிற்றுக்கிழமையே வாத்தியாருக்குப் போன் போட்டு, பன்னிரண்டு நிமிடத்தில் எந்தப் பாட்டு கட்டாயம் நிற்க வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.