'எதிர்' வேறு, 'மறை' வேறு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பாடநூலில் 'இலத்திரன்' என்று படிக்கிறோம். இந்தியாவில் அச்சான நூல் ஒன்றில் அதையே 'எதிர்மின்னி' என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் இலத்திரன்தான் எதிர்த்துணிக்கையா? 'எதிர்ப்பொருள்' என்ற சொல்லை எங்கே எழுதலாம்?
– உயர்தர மாணவி, கொக்குவில்

பதில்: இல்லை. இலத்திரன் சாதாரண துணிக்கை. அதன் எதிர்த்துணிக்கை, அதாவது அதே திணிவும் எதிரான ஏற்றமும் கொண்ட மறுசோடி, பொசித்திரன். நீங்கள் பார்த்த நூல் ஏற்றத்தின் குறியைச் சொல்லவே 'எதிர்' என்ற சொல்லை எடுத்திருக்கிறது. அங்கே எதிர்மின்னி என்றால் மறையேற்றம் உள்ளது, அவ்வளவுதான். எங்கள் இலங்கை வழக்கில் குறிக்கு 'நேர்', 'மறை' என்ற சோடி இருப்பதால், 'எதிர்' என்பதைத் துணிக்கையின் மறுசோடிக்கென்றே வைத்துக்கொள்ள முடிகிறது. இது பெரிய வசதி, கைவிடாதீர்கள்.

ஏனென்றால் 'எதிர்', 'மறை' ஆகிய இரண்டும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. எதிர்ப்புரோத்தனுக்கு மறையேற்றம், பொசித்திரனுக்கோ நேரேற்றம். நியூத்திரனுக்கு ஏற்றமே கிடையாது, ஆனாலும் எதிர்நியூத்திரன் உண்டு. 1956 இல் கண்டுபிடித்தார்கள். நியூத்திரனுக்குள் குவாக்கு எனும் இன்னும் சிறிய துணிக்கைகள் மூன்று, ஒரு மேல் குவாக்கும் இரண்டு கீழ்க் குவாக்குகளும் இருக்கின்றன. அவற்றின் ஏற்றங்கள்: +2/3, −1/3, −1/3, கூட்டினால் பூச்சியம். எதிர்நியூத்திரனில் மூன்றும் எதிர்க்குவாக்குகள்: −2/3, +1/3, +1/3. கூட்டுத்தொகை அதே பூச்சியம், உள்ளே இருப்பது வேறு. ஒளித்துணிக்கையான போட்டனைப் போன்ற சிலவற்றுக்குத் தனியாக எதிர்த்துணிக்கை இல்லை, அவற்றுக்கு அவையேதான்.

எதிர்த்துணிக்கைக்கும் திணிவு மாறாது. 'மறைத் திணிவு' என்று விடை எழுதினால் பிழை. எதிர்ப்புரோத்தனும் பொசித்திரனும் சேர்ந்த எதிர் ஐதரசன் அணுக்களும் புவியீர்ப்பில் கீழ்நோக்கியே விழுகின்றன என்பதை ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில் சோதித்து 2023 இல் அறிவித்தார்கள்.

'எதிர்ப்பொருள்' பிழையான சொல் அல்ல, ஆனால் சுமை கூடிய சொல். 'பொருள்' என்றால் கருத்தும்தான், ஆகவே எதிர்க்கருத்து என்றும் அதைப் படிக்கலாம். நோய்க்கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதத்தை நாங்கள் பிறபொருளெதிரி என்போம், அதை எதிர்ப்பொருள் என்று எழுதும் மருத்துவக் கட்டுரைகளும் உண்டு. பௌதிகவியலில் 'எதிர்ச்சடப்பொருள்' என்று எழுதுவதே எங்கள் விருப்பம். நீளம்தான், ஆனால் யாரும் மாறி விளங்கமாட்டார்கள். தனியொன்றைச் சொல்லும்போது எதிர்த்துணிக்கை, அவை சேர்ந்து அணுவாகும்போது எதிர்ச்சடப்பொருள் என்று பிரித்து எழுதினால் இன்னும் தெளிவு.

குறியீட்டில் ஒரு எச்சரிக்கை. எதிர்த்துணிக்கைக்கு எழுத்தின் தலையில் ஒரு கோடு போடுவோம். பொசித்திரனுக்கு அந்தக் கோடு வேண்டாம், கூட்டல் குறியே போதும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் எதிரின் எதிர், அதாவது பழையபடி இலத்திரன்! அணுக்கரு இலத்திரனையோ பொசித்திரனையோ வெளிவிடும் பீற்றாத் தேய்வின் சமன்பாட்டில் அதிகம் பிழைவிடுவது இன்னோர் இடம். பொசித்திரன் வெளிவந்தால் கூட வருவது நியூத்திரினோ எனும் ஏற்றமில்லாத நுண்துணிக்கை, அதற்குக் கோடில்லை. இலத்திரன் வெளிவந்தால் கோடு போட்ட எதிர்நியூத்திரினோ. ஒன்று துணிக்கையென்றால் மற்றது எதிர்த்துணிக்கை என்று பார்த்துக்கொண்டால் தவறாது.

கேள்வி: காந்தப்புலத்தில் மறுபக்கம் வளைந்ததால் பொசித்திரன் என்று முடிவுசெய்தார்களாம். எதிர்த் திசையிலிருந்து வரும் இலத்திரனும் அப்படித்தானே வளையும்?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: சரியான சந்தேகம். வெறும் வளைகோட்டை மட்டும் பார்த்தால் எந்த முனையில் தொடங்கியது என்று சொல்லவே முடியாது. அதனால்தான் பொசித்திரனைக் கண்டுபிடித்த பௌதிகவியலாளர் கார்ல் அண்டர்சன், துணிக்கைகளின் தடத்தைக் காட்டும் தன் முகிலறையின் நடுவில் 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஈயத்தகட்டை வைத்தார். தகட்டைத் துளைத்துப்போகும் துணிக்கை சக்தியை இழக்கும். சக்தி குறைந்தால் வளைவு இறுகும். ஆகவே இறுக்கமாக வளைந்த பக்கம்தான் வெளியேறிய பக்கம்.

1932 ஆகத்து 2 இல் எடுத்த படத்தில் துணிக்கையின் சக்தி தகட்டுக்குக் கீழே 63 மில்லியன் இலத்திரன் வோல்ற்று, மேலே 23 மில்லியன். அதாவது அது கீழிருந்து மேலே போயிருக்கிறது. அந்தத் திசையில் போய் அந்தப் பக்கம் வளைய நேரேற்றம் வேண்டும். அப்படியானால் புரோத்தனாக இருக்கலாமே? அதுவும் சரிவராது. அவ்வளவு வளையும் புரோத்தன் மிக மெதுவானது, வாயுவுக்குள் விரைவில் நின்றுவிடும். படத்திலிருந்த தடம் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் நீளம். மிஞ்சியது ஒன்றுதான்: இலத்திரனை ஒத்த திணிவும் நேரேற்றமும் கொண்ட துணிக்கை. பௌதிகவியலாளர் டிராக் 1931 இல் கணிதத்தால் எதிர்வுகூறியதும் அதுவே.

கேள்வி: வாழைப்பழத்திலும் எதிர்த்துணிக்கை வருகிறதாமே? சாப்பிடப் பயமில்லையா?
– இல்லத்தரசி, சாவகச்சேரி

பதில்: வருகிறது, பயம் வேண்டாம். பழத்திலுள்ள பொற்றாசியத்தில் 0.012 வீதம் கதிர்வீசும் பொற்றாசியம்-40. அது தேயும்போது ஒரு இலட்சத்தில் ஒரு தடவைதான் பொசித்திரன் வெளிவரும். ஒரு பழத்துக்குச் சில மணித்தியாலத்துக்கு ஒன்று என்ற அளவு. அது ஓரிரு மில்லிமீற்றர் போவதற்குள் வேகம் அடங்கி ஓர் இலத்திரனோடு சேர்ந்து இரண்டும் அழியும். 'அழியும்' என்றாலும் சக்தி எங்கும் போய்விடாது: தலா 511 கிலோ இலத்திரன் வோல்ற்றுக் காமாக் கதிர்கள் இரண்டு, ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் புறப்படும். புற்றுநோய் தேடும் பெற் ஸ்கான் பிடிப்பதும் இதே கதிர்ச் சோடியைத்தான். அதற்கு உடலில் ஏற்றுவது பொசித்திரனை வெளிவிடும் புளோரின்-18. 110 நிமிடத்தில் பாதியாகிவிடும் என்பதால் செய்த அன்றே பாவிக்க வேண்டும்.