அட்வான்ஸ் கொடுக்கும் முன் வரைபடத்தைப் பாருங்கள்

மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்து, உதவி இயக்குநராக ஓய்வு பெற்றவர் வாசகர்களின் மனை, கட்டடக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

*அம்மா, வணக்கம். கும்பகோணத்துக்கு வெளியே ஒரு மனை பார்த்திருக்கிறோம். வயலில் கிராவல் அடித்து, கல் நட்டு, நுழைவு வளைவும் கட்டிவிட்டார்கள். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு. பட்டாவுல புஞ்சைதான், நஞ்சை இல்லை. டி.டி.சி.பி. அடுத்த மாசம் வந்துடும்" என்கிறார் புரோக்கர். இந்த வாரமே இரண்டு லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?*
– ஓர் ஆசிரியை, கும்பகோணம்

கொடுக்காதீர்கள், சகோதரி. வளைவையும் வண்ணக் கொடியையும் பார்த்து ஆயுள் சேமிப்பைக் கொட்டியவர்கள் அலுவலகத்தில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழுததைப் பார்த்தவள் நான். அதனால்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தர பஞ்சாயத்துத் தலைவருக்குத் தனியாக அதிகாரம் கிடையாது. புரோக்கர் டி.டி.சி.பி. என்று சொல்லும் நகர் ஊரமைப்புத் துறை முதலில் தொழில்நுட்ப ஒப்புதல் தர வேண்டும். சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் உள்ளாட்சியின் இறுதி உத்தரவு வரும். இந்த வரிசையைத் தாண்டி வந்த "பஞ்சாயத்து அப்ரூவல்" வெறும் காகிதம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டபோது, தமிழ்நாடு முழுக்க இப்படிப்பட்ட காகிதத்தை வைத்துக்கொண்டு எத்தனை குடும்பங்கள் விழித்தன! 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்திக்கொள்ள வரன்முறைத் திட்டம் 2017-இல் வந்தது. இன்று புதிதாகக் கல் நடும் இடத்துக்கு அந்தக் கதவு திறக்காது. அங்கீகாரமில்லாத மனையைப் பதிவு செய்யக் கூடாது என்னும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் குறுக்கே நிற்கும். அப்புறம் புரோக்கர் என்ன செய்வார் தெரியுமா? மனை என்று சொல்லாமல், சென்ட் கணக்கில் வெறும் நிலமாக எழுதிக் கொடுப்பார். பத்திரம் கையில் இருக்கும். வீடு கட்ட அனுமதி கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது.

நஞ்சை, புஞ்சை என்பது வருவாய்த் துறையின் கணக்கு. தீர்வைக்காகத் தாலுகா அலுவலகத்தில் இருப்பது. அந்த இடத்தில் வீடு கட்டலாமா, கடை வைக்கலாமா என்பதைச் சொல்வது ஊரின் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடம். இரண்டும் வேறு வேறு. பட்டாவில் புஞ்சையாக இருக்கும் நிலம் திட்டத்தில் விவசாய மண்டலமாக இருக்கலாம். நஞ்சை நிலம் குடியிருப்பு மண்டலத்துக்குள் வந்திருப்பதும் உண்டு. அந்த வரைபடத்தில் பெரும்பாலும் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, விவசாயத்துக்குப் பச்சை தீட்டியிருக்கும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் அந்த வண்ணங்களை நாங்கள் கையாலேயே தீட்டினோம். டிரேசிங் துணியில் ஒவ்வொரு சர்வே எண்ணையும் பொடி எழுத்தில் எழுதி, அம்மோனியா பிரிண்ட் போட்டு எடுப்போம். ஒரு கோடு தள்ளிப் போனால் ஒரு குடும்பத்தின் நிலம் மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போய்விடும் என்ற பயம் எப்போதும் இருக்கும்.

கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு இவற்றைக் குறித்துக்கொண்டு நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போய் நில உபயோகம் என்னவென்று எழுத்தில் கேளுங்கள். புரோக்கரிடம் மனைப்பிரிவு ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ, மனைகள் எட்டுக்கு மேலோ இருந்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவும் வேண்டும். அதை இணையத்திலேயே சரிபார்க்கலாம்.

உங்கள் ஊருக்காக இன்னொன்றும் சொல்கிறேன். காவிரிப் பாசன வயலில் வாய்க்கால் இல்லாத இடம் குறைவு. சர்வே எண்ணின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தின் நகல் வாங்கி, வாய்க்கால் கோடு உங்கள் மனைப் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு இடத்துக்குப் போய்ச் சாலையோரத்துச் சின்ன மதகைத் தேடுங்கள். மதகு இருந்து, அதற்கு அந்தப் பக்கம் கிராவல் மேடு மட்டும் இருந்தால், வாய்க்காலைத் தூர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஐப்பசி அடைமழையில் அந்தத் தண்ணீர் உங்கள் வீட்டுக் கூடத்துக்குத்தான் வரும்.

*எங்கள் நகரில் பூங்காவுக்கு விட்ட இடம் இருபது வருடமாகக் கருவேல முள்ளாகக் கிடக்கிறது. இப்போது அங்கே ஒரு தனியார் கிளினிக் கட்டப் பேச்சு நடக்கிறது. நல்ல காரியம்தானே என்று சிலர் சொல்கிறார்கள்.*
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், காரைக்குடி

கிளினிக் நல்ல காரியம்தான். ஆனால் அது வேறு இடத்தில் வரட்டும். நீங்கள் ஒவ்வொருவரும் மனை வாங்கியபோது அந்தப் பூங்காவுக்கும் சேர்த்தே விலை கொடுத்திருக்கிறீர்கள். பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது விதி. ஓ.எஸ்.ஆர். என்று சொல்வது இதைத்தான்.

பெங்களூரில் ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் இதே மாதிரிதான் நடந்தது. பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய், 1991-இல் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. உங்களைப் போன்ற சங்கங்களுக்கு இன்றும் அந்தத் தீர்ப்புதான் பலம்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திரத்தின் நகலும், உள்ளாட்சியில் மனைப்பிரிவு வரைபடத்தின் நகலும் வாங்கி வைத்துக்கொண்டு ஆணையருக்கு மனு கொடுங்கள். அதற்கு முன்னால் முள்ளை வெட்டச் சொல்லி ஒரு மனு கொடுங்கள். சும்மா கிடக்கிற இடத்தின் மேல்தான் எல்லாருக்கும் கண் விழும்.

*விரிவான வளர்ச்சித் திட்டத்தில் எங்கள் மனை நடுவே 40 அடிச் சாலை காட்டியிருக்கிறது. அப்பா காலத்திலிருந்து சாலையும் வரவில்லை, நஷ்டஈடும் வரவில்லை. கட்டட அனுமதி கேட்டால் மறுக்கிறார்கள்.*
– ஒரு வாசகர், திண்டுக்கல்

1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவைப் படியுங்கள். திட்ட அறிவிப்பு அரசிதழில் வந்து மூன்று ஆண்டுக்குள் நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிக்கையும் வராமல், பேசி வாங்கவும் இல்லையென்றால் அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கருதப்படும். அரசிதழ் தேதியைக் கண்டுபிடித்து, அதைக் குறிப்பிட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். வழக்கறிஞருக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் தாள்தான். அடுத்த தலைமுறைக்கும் இதை விட்டுவைக்க வேண்டாம்.

*பக்கத்து மனையில் லாரி பாடி கட்டும் பட்டறை. இரவு பதினோரு மணிக்கும் தகரம் அடிக்கிறார்கள். வெல்டிங் வெளிச்சத்தில் குழந்தை தூங்குவதில்லை.*
– ஒரு தாய், நாமக்கல்

குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். முதலில் காவல் நிலையத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் புகார் கொடுங்கள். அது முதன்மைக் குடியிருப்பு மண்டலமாக இருந்தால், அனுமதியில்லாமல் உபயோகத்தை மாற்றியதற்காகத் நகர் ஊரமைப்பைக் கவனிக்கும் உள்ளூர்த் திட்டக் குழுமமும் நடவடிக்கை எடுக்க முடியும்.

ஆனால் தங்கையே, அந்தப் பட்டறைக்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. லாரி பாடி கட்டும் தொழிலால் பிழைக்கிற ஊரில் அந்தத் தொழிலுக்கென்று தண்ணீர், மின்சாரம், அகலமான சாலையோடு ஓர் இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். அது நடக்காதபோது பட்டறை வீட்டுப் பக்கம்தான் வரும். திட்டங்கள் பழசாகிப் போவதுதான் காரணம். கோயம்புத்தூருக்கே 1994-இல் ஒப்புதல் ஆன முழுமைத் திட்டத்துக்கு அடுத்த வரைவு வெளிவர 2024 ஆகிவிட்டது. முப்பது வருடத்தில் ஊர் எவ்வளவு மாறியிருக்கும்!

உங்கள் ஊரில் புதிய வரைவு எப்போது வந்தாலும் ஆட்சேபணை சொல்ல அரசிதழ் அறிவிப்பிலிருந்து இரண்டு மாதமாவது அவகாசம் தர வேண்டும் என்பது சட்டம். அந்த இரண்டு மாதத்தில் நிலத்தரகர்கள் தவறாமல் வருவார்கள். தாய்மார்கள் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. நீங்கள் போங்கள். பட்டறைக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு பேரும் கேட்க வேண்டியது ஒரே விஷயம்தான்: தொழிலுக்குத் தனி இடம்.

*2,500 சதுர அடி மனை. இப்போதெல்லாம் அனுமதியே தேவையில்லை என்கிறார்களே?*
– ஒரு வாசகர், தென்காசி

அனுமதி உண்டு, அதிகாரி வந்து பார்க்கும் காத்திருப்புதான் இல்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். ஆனால் கையெழுத்துப் போடுவது நீங்கள். பக்கத்தில் விட வேண்டிய இடத்தை விடாமல் "விட்டேன்" என்று சான்று கொடுத்தால் பொறுப்பும் உங்களுடையதே. கொத்தனார் குழி தோண்டும் முன் டேப் பிடித்து அளந்து, வரைபடத்தோடு ஒத்துப்பாருங்கள்.